எத்தனை படி தெரியுது?

பரீட்சை ஹாலில் எனக்கு இரண்டு பெஞ்சு முன்னால் உட்கார்ந்திருந்த கன்னியப்பன், கேள்வித்தாளைத் தலைகீழாகத் திருப்பி வைத்துக்கொண்டான்.

செங்கல்பட்டில் ஒரு பள்ளிக்கூடத்தின் ஓட்டுக் கட்டடம். கோடை முடியாத ஜூன் மாதம். சர்க்கார் குமாஸ்தா வேலைக்கான பரீட்சையில் அன்று கணக்குத் தாள். முழங்கையில் வழிந்த வியர்வை விடைத்தாளை நனைக்காமல் இருக்க, கைக்குட்டையை மடித்துக் கைக்கு அடியில் வைத்து எழுதிக்கொண்டிருந்தேன். தற்செயலாக நிமிர்ந்தபோதுதான் பார்த்தேன். முதலில் தாள் காற்றில் புரண்டுவிட்டது என்று நினைத்தேன். ஹாலில் காற்று ஏது? அவன்தான் திருப்பியிருக்கிறான். திருப்பிவைத்து, ஆள்காட்டி விரலால் எதையோ தொட்டுத் தொட்டு எண்ணுகிறான்.

அவனுக்கு அது மூன்றாவது முயற்சி. அதுவே கடைசி. ஆடி பிறந்தால் வயது வரம்பு தாண்டிவிடும். அதற்கப்புறம் எத்தனை புத்தகத்தைக் கரைத்துக் குடித்தாலும் ஹாலுக்குள் விடமாட்டார்கள்.

ஆறு மாதம் நான் பட்ட பாடெல்லாம் போச்சு என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அந்த நேரத்திலும் அவனைப் பற்றி மட்டும் கவலைப்பட்டேன் என்று சொன்னால் பொய். என் பாடத்தைக் கெடுத்துவிட்டானே என்ற கோபம்தான் முதலில் வந்தது.

கயிறு வாங்க வந்தவன்

கயிற்றுக்கடைக்காரர் மகனான நீர் எப்படி சர்க்கார் உத்தியோகத்துக்குப் போனீர் என்று போன வாரம் ஒரு வாசகர் கார்டு போட்டுக் கேட்டிருந்தார். அதற்குப் பதில் கன்னியப்பனிடமிருந்துதான் தொடங்க வேண்டும்.

பஜாரில் எங்கள் அத்தாவுக்குக் கயிற்றுக்கடை. கடற்கரைக்காரர்களுக்குக் கட்டுமரம் கட்டுகிற கயிறு. உள்நாட்டு விவசாயிகளுக்குக் கவலை இறைக்கிற வடம். கவலை என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் மனசில் வருவதைத்தான் நினைப்பார்கள். இரண்டு மாட்டைப் பூட்டி, பெரிய தோல் பையில் கிணற்றுத் தண்ணீரை மேலே இழுத்துக் கொட்டுவதற்குப் பெயரும் கவலைதான். "ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல பாய்" என்பான் கன்னியப்பன்.

செய்யூர்ப் பக்கத்துக் கிராமத்துக்காரன். அவன் அப்பாவுக்கு வடம் வாங்க வந்த நாளில், நான் கடையில் கைடைப் பிரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பட்டணத்துப் பழைய புத்தகக்கடையில் வாங்கியது, அட்டை இல்லாதது. அவன் கயிற்றைப் பார்க்காமல் கைடைப் பார்த்தான்.

"இது சர்வீஸ் பரீட்சைக்கு உள்ளதா பாய்?"

"ஆமா. நீ இன்னாத்துக்குக் கேக்கற?"

"நானும் எழுதிகினுதான் கீறேன். ரெண்டு தபா போச்சி. இங்கிலீஷு வந்துடுது. கணக்குல புச்சா இன்னாமோ கோடு போட்ட படம் ஒண்ணு குடுக்கறான். மல மாரி ஏறுது, எறங்குது. அஞ்சு கேள்வி அதுலயே கேக்கறான். அஞ்சும் எனுக்குத் தப்பாவுது."

அவன் சொன்னது கிராஃப். கட்டம் போட்ட தாளில் கீழ் ஓரத்தில் மாதமோ வருஷமோ இருக்கும். பக்கத்து ஓரத்தில் அளவு இருக்கும். நடுவில் ஒரு கோடு. எந்த மாதம் அதிகம், எந்த மாதம் குறைவு, எங்கே வேகமாக ஏறியது என்று கேட்பார்கள். எனக்கு அது அல்வா சாப்பிடுகிற மாதிரி. எனக்கு நன்றாக வருகிற ஒரே விஷயத்தில் ஒருவன் தடுமாறுகிறான் என்றதும் எவ்வளவு சந்தோஷம் வந்தது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

"ஞாயித்துக்கெழம வா அண்ணாத்த, சொல்லித் தரேன்" என்றேன்.

அன்றைக்கே ஒரு விதி செய்தேன். 'கோட்டைப் பார்க்குமுன் ஓரத்தைப் படி.' ஓரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் கோட்டை மட்டும் பார்ப்பவன் மோசம் போவான் என்பது அதன் பொருள். அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதி, கடைச் சுவரில் பசை போட்டு ஒட்டினேன். அத்தா அதைப் பார்த்துவிட்டு, "ஓரம்னா கயித்து ஓரமாடா?" என்று கேட்டார்.

நீளக் கையால் வந்த வினை

அண்ணாத்த என்று நான் கூப்பிட்டது கேலிக்கு. சர்டிபிகேட்டில் அவன் என்னைவிட இரண்டு வயது மூத்தவன். உண்மையில் எனக்கும் அவனுக்கும் ஒரே வயது.

அந்தக் காலத்தில் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது பிறந்த தேதி யாரிடமும் இருக்காது. வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டால் வயது வந்துவிட்டது. கன்னியப்பனுக்குப் பிறவியிலேயே நீளக் கை. காதைத் தொட்டதோடு நிற்காமல் காதைத் தாண்டிக் கன்னத்தையும் தொட்டுக் காட்டியிருக்கிறான். வாத்தியார் அசந்துபோய் இரண்டு வயதைச் சேர்த்தே எழுதிவிட்டார்.

"கன்னத்தத் தொட்டதுக்கு ரெண்டு வருசம் பாய். தோளு வரைக்கும் போயிருந்தா எனுக்கு இப்ப பென்சன் வந்துருக்கும்" என்று சிரிப்பான்.

சிரித்தாலும் அந்த இரண்டு வயது அவன் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. எனக்கு இன்னும் மூன்று முயற்சி பாக்கி, அவனுக்கு ஒன்றே ஒன்று. எதற்காக இத்தனை பிரயாசை என்று ஒருமுறை கேட்டேன். விடிவதற்கு முன்னாலிருந்து வெயில் உச்சிக்கு வரும்வரை மாட்டோடு முன்னும் பின்னும் நடப்பதைச் சொன்னான். பிறகு, "நெழல்ல உக்காந்து ஒரு வேல செய்யணும் பாய். அவ்ளோதான்" என்றான்.

எந்த மீனு?

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கட்டுமரக் கயிற்றோடு கடற்கரைக்குப் போவேன். திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரத்துக்கு பஸ். கயிற்றுச் சுருள் பஸ்ஸின் தலையில், நாங்கள் இருவரும் உள்ளே கைடோடு. சரக்கைக் கொடுத்த பிறகு ஈர மணலில் உட்கார்ந்துவிடுவோம். காகிதம் மிச்சம். கட்டுமரத் துண்டு ஒன்றால் மணலில் ஓரம் கிழித்து, கோடு போட்டு, கேள்வி கேட்பேன். பதில் சொல்லத் தாமதமானால் அலை வந்து அழித்துவிடும். அதனால் கன்னியப்பனுக்கு வேகம் கூடியது.

ஒருநாள் கைடிலிருந்த மீன்பிடி கிராஃப் ஒன்றைப் போட்டுக்கொண்டிருந்தேன். பவுனம்மா என்று ஒரு மீன்காரம்மா, கூடையோடு வந்து நின்றார்.

"இன்னா நைனா, பாம்பு வரையறீங்களா?"

"பாம்பு இல்லம்மா. இது மீனு. இந்த மாசம் நெறய மாட்டுச்சு, இந்த மாசம் கொறச்சலு. கோட்டப் பாத்தா தெரியும்."

அவர் தலையைச் சாய்த்து ஓரங்களைத் தேடினார். "எந்த மீனு?"

"எல்லா மீனும்தான்."

"அது எப்டி? எறாவுக்கு ஒரு காலம், மத்திக்கு ஒரு காலம். எந்த மீனுன்னு போடாம கோடு மட்டும் இழுத்தா யாருக்கு இன்னா தெரியும்?" என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

நான் சிரித்துவிட்டேன். படிக்காத பொம்பளைக்கு கிராஃப் என்ன தெரியும் என்று அப்போது நினைத்தது இப்போது வெட்கமாக இருக்கிறது. அவர் கேட்டது என் சுவர் அட்டையில் இருந்த அதே விதி. கன்னியப்பன் சிரிக்கவில்லை. குனிந்து, மணல் கோட்டின் ஓரத்தில் 'மீன், எல்லாம்' என்று விரலால் எழுதினான்.

ஆறு படி, இருபத்தெட்டு படி

ரயில் பயணிகள், நிலக்கடலை விளைச்சல், பள்ளிப் பிள்ளைகள் என்று எந்த கிராஃபைக் கொடுத்தாலும் இரண்டு மாதத்தில் சரியாகச் சொல்ல ஆரம்பித்தான். தண்ணீர் என்று வந்தால் மட்டும் குட்டிக்கரணம் போட்டுவிடுவான்.

கைடில் ஏரித் தண்ணீரின் உயரம் பற்றி ஒரு கிராஃப். கோடு டிசம்பரில் உச்சிக்குப் போகிறது. எந்த மாதம் தண்ணீர் அதிகம்? கன்னியப்பன் மே மாதம் என்றான். எப்படி என்று கேட்டால் கைடையே தலைகீழாகத் திருப்பி, "இப்பப் பாரு பாய், இப்ப சரியா கீது" என்றான். தலைகீழாக்கினால் மாதங்கள் வலமிருந்து இடமாக ஓடும். குர்ஆன் ஓதிப் பழகின எனக்கு வலமிருந்து இடம் புதிதில்லை. ஆனாலும் ஜனவரி கடைசியில் வந்து நிற்பதை என்னால் பார்க்க முடியவில்லை.

நாலாவது தடவையும் அப்படியே செய்தபோது காரணத்தைச் சொன்னான்.

அவர்கள் ஊர்க் கிணறுகளில் கல் படிகள் உண்டு. காலையில் முதலில் கிணற்றுக்குப் போகிறவனைப் பார்த்து மற்றவர்கள் கேட்பார்கள்: "எத்தினி படி தெரியுது?" ஆறு படி என்றால் கிணறு நிறைந்திருக்கிறது, முகத்தில் சிரிப்பு. இருபத்தெட்டு என்றால் தண்ணீர் பாதாளத்துக்குப் போய்விட்டது என்று அர்த்தம். தண்ணீரை அவர்கள் தண்ணீரால் அளப்பதில்லை, வெளியே தெரிகிற படியால் அளக்கிறார்கள். எண் கூடினால் தண்ணீர் குறைகிறது.

"சின்ன வயசுலேந்து அப்டித்தான் பாய். நம்பரு ஏறினா எங்க வூட்ல சோறு எறங்கும். தண்ணின்னு போட்டு கோடு மேல ஏறினாலே எனுக்குப் பகீர்னு ஆவுது."

இதைக் கேட்டு நான் உருகியிருக்க வேண்டும். எனக்கோ வாத்தியார் மிடுக்கு தலைக்கேறியிருந்த காலம். "அண்ணாத்த, பரீட்ச நடக்கறது உங்க ஊரு கெணத்துல இல்ல" என்றேன். "மேல போனா அதிகம், கீழ வந்தா கம்மி. தண்ணியா இருந்தாலும் அதான். மறுபடி சொல்லு."

மறுபடி சொன்னான். தண்ணீர் கிராஃப் வரும்போதெல்லாம் கை தானாகத் தாளைத் திருப்பப் போகும். அதைத் தடுக்க இரண்டு உள்ளங்கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு உட்காருவான். நீளக் கையல்லவா, மணிக்கட்டுக்கு மேலே பாதிக் கை வெளியே தெரியும். அப்படியே மூன்று மாதம். கடைசியில் திருப்புவதை விட்டுவிட்டான். அவனை மாற்றிவிட்டேன் என்று அத்தாவிடம் பெருமை அடித்துக்கொண்டேன்.

"இப்பதான் சார் நேரா கீது"

இப்போது ஹாலுக்கு வாருங்கள்.

கணக்குத் தாளில் வந்த கிராஃப் கிணற்றுத் தண்ணீர். அதைப் பார்த்ததுமே எனக்குச் சிரிப்பு வந்தது. கோடு ஜனவரியிலிருந்து ஏறி, ஜூனில் உச்சிக்குப் போய், டிசம்பரில் கீழே இறங்கியிருந்தது. எந்த மாதம் கிணற்றில் தண்ணீர் அதிகம் என்பது முதல் கேள்வி. ஜூன் என்று போட்டேன். ஜூனில் கிணறு எப்படி நிறையும் என்று ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. உடனே, இது மேற்கு மலைப் பக்கத்து ஊராக இருக்கும், அங்கே ஜூனில்தான் மழை என்று பூகோளப் பாடத்தை நினைவுபடுத்திக்கொண்டேன். என் புத்திசாலித்தனத்தை மெச்சிக்கொண்டே மற்ற நாலு கேள்விக்கும் விடை எழுதினேன். அதற்குப் பிறகுதான் நிமிர்ந்து கன்னியப்பனைப் பார்த்தேன்.

மேற்பார்வையாளரும் பார்த்துவிட்டார். ஹால் முழுக்கக் கேட்கும்படி, "என்னய்யா பண்றே? பேப்பரை நேரா வை" என்றார்.

கன்னியப்பன் எழுந்து நின்றான். "இப்பதான் சார் நேரா கீது."

பின்பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். மேற்பார்வையாளர் விடுவிடென்று வந்து, தாளைத் தூக்கி முன்னும் பின்னும் பார்த்தார். பென்சில் எழுத்து ஏதாவது இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சட்டைப் பையைக் காட்டச் சொன்னார். ஹால் டிக்கெட்டைக் கையில் எடுத்துக்கொண்டார். வெளியே அனுப்பிவிட்டால் அவன் ஆயுசுக்கும் மாட்டுக்குப் பின்னால்தான். என் பேனா நின்றுவிட்டது. கடைசியில் டிக்கெட்டை மேஜையில் போட்டு, "உக்காரு" என்றார். உட்கார்ந்தவன், தாளை மறுபடியும் தலைகீழாகவே வைத்தான்.

ஏரிக்கரையில் ஒரு சண்டை

பரீட்சை முடிந்ததும் கொளவாய் ஏரிக்கரையோரம் நடந்தோம். சண்டை என்று தலைப்புப் போட்டேனே தவிர, கத்தியது நான் மட்டும்தான்.

"ஆறு மாசம் தொண்ட தண்ணி வத்தக் கத்துனேன். கடைசி நேரத்துல திருப்பிட்டியே. அஞ்சு கேள்வி, அஞ்சும் போச்சு. இன்னொரு தபா எழுத உனக்கு வயசு கீதா?"

கொஞ்ச தூரம் போன பிறகு, "நீ மொத கேள்விக்கு இன்னா போட்ட பாய்?" என்று கேட்டான்.

"ஜூன்தான். கண் இருக்கறவன் வேற இன்னா போடுவான்?"

நின்றான். என் முகத்தைச் சற்று நேரம் பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்தது. பிறகு, "நாளிக்கு இங்கிலீஷு வியாசம். பேனாவுக்கு மசி ஊத்திக்க. வா, நாஸ்தா துன்லாம்" என்று ஸ்டேஷன் எதிரிலிருந்த கடைக்கு அழைத்துப் போனான். அவனே வடையும் டீயும் வாங்கிக்கொடுத்தான். வெட்கத்தில் பேச்சை மாற்றுகிறான் என்று நினைத்தேன். வடையைத் தின்றுகொண்டே இன்னும் இரண்டு திட்டு திட்டினேன்.

மறுநாள் வியாசம் எழுதினோம். அவன் ஊருக்குப் போய்விட்டான். ஆடி வந்தது, போனது. எனக்கு அவனை நினைத்தால் பாவமாக இருந்தது. கடையில் சுமை தூக்க, கணக்கு எழுத ஒரு ஆள் வேண்டும் என்று அத்தா சொல்லிக்கொண்டிருந்தார். கன்னியப்பனை வைத்துக்கொள்ளுங்கள், நான் உத்தியோகத்துக்குப் போய்விட்டால் உதவியாக இருப்பான் என்று நானே சிபாரிசும் செய்தேன்.

இரண்டு நம்பர்

ஐப்பசி மழை அடித்து ஓய்ந்த ஒரு காலையில் பேப்பரில் முடிவு வந்தது. பேர் போடமாட்டார்கள், நம்பர் மட்டும்தான். என் நம்பரைத் தேடினேன். இல்லை. மறுபடி தேடினேன். அச்சுப்பிழையாக இருக்கும் என்று பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தேன். அங்கே சோப்பு விளம்பரம் இருந்தது.

பிறகு, சும்மா ஒரு ஆறுதலுக்காக, கன்னியப்பன் நம்பரைத் தேடினேன். அது இருந்தது.

அன்று சாயங்காலமே அவன் கடைக்கு வந்தான். பேப்பரில் இரண்டு நம்பரையும் தேடிப் பார்த்திருக்கிறான் என்பது நடையிலேயே தெரிந்தது. சந்தோஷத்தை வெளியே காட்டாமல் இருக்க அவன் பட்ட பாடு எனக்குப் பொறுக்கவில்லை. கையைப் பிடித்து, "அண்ணாத்த, நெழல்ல உக்காரப் போற" என்றேன். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

"அந்தக் கெணத்துப் படம்..." என்று ஆரம்பித்தேன்.

கன்னியப்பன் கையை நீட்டிச் சுவரில் இருந்த அட்டையைக் காட்டினான். "நீ சொன்ன மாரிதான் பாய் செஞ்சேன். மொதல்ல ஓரத்தப் பட்ச்சேன். பொடி எழுத்துல போட்டிருந்தான், தரையிலேந்து தண்ணி வரைக்கும் எத்தினி அடின்னு. கோடு ஏறினா தண்ணி கீய போவுது. படி எண்றதுதான அது? அப்பறம் திருப்பிகினேன்."

பொடி எழுத்து. நான் ஓரத்தைப் படிக்கவே இல்லை. கிணறு என்றதும் கோட்டுக்குத் தாவிவிட்டேன். அந்தக் கோடை முழுவதும், போன தடவையைவிட நாலு முழம் கூட வேணும் பாய், தண்ணி எட்டல என்று கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் நீள நீளமாக வடம் அளந்து கொடுத்தவன் நான். அப்படியிருந்தும் ஜூனில் கிணற்றை நிரப்பிவிட்டேன்.

"அன்னிக்கு ஏரிக்கரையிலயே உனக்குத் தெரியுமா, நான் தப்புன்னு?"

"ஜூன்னு நீ சொன்னப்பவே தெரியும்."

"அப்ப இன்னாத்துக்கு சும்மா இருந்த? அத்தினி திட்டு திட்டுனேனே."

"சொல்லிருந்தா நீ மறுநாளு பரீட்ச எழுதிருக்க மாட்ட பாய். அதான் வடை வாங்கிக் குடுத்தேன்."

நான் பார்த்த மனிதர்களில் பெரிய மனசுக்காரர் யார் என்று கேட்டால், எத்தனையோ பேர் சொல்லலாம். முதலில் நினைவுக்கு வருகிறவன் கன்னியப்பன். தான் போட்டதுதான் சரி என்று தெரிந்த நாளில், தப்பாகப் போட்டவன் வாயால் திட்டு வாங்கிக்கொண்டு, அவனுக்கே வடையும் வாங்கிக்கொடுத்து, வாயைத் திறக்காமல் நடக்க எல்லோராலும் முடியாது. என்னால் முடிந்திருக்காது. அடுத்த வருஷம் நானும் பாஸ் செய்தேன். அதுவரை அவன் எனக்குக் கடிதம் போடும்போதெல்லாம், முகவரியை எழுதிவிட்டு உறையின் ஓரத்தில் பொடி எழுத்தில் 'ஓரம்' என்று ஒரு வார்த்தை எழுதி அனுப்புவான்.

அன்று சாயங்காலத்துக்கே திரும்பி வருகிறேன். வடைக் கதையைச் சொன்னவன் குரலில் பழைய குறும்பு வந்தது.

"பாய், ஒண்ணு சொல்லட்டா? அன்னிக்குப் பரீட்ச எங்க ஊரு கெணத்துலதான் நடந்துச்சி."

சிரித்தோம். உள்ளேயிருந்து அத்தா எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தோம். வேலைக்குப் போகுமுன் அப்பாவுக்குப் புது வடம் வாங்கிக் கொடுக்க வேண்டும் என்றான். நான் சுருளைப் பிரித்து, முழங்கையில் கயிற்றை வைத்து அளக்கப் போனேன். போன கோடையில் அவனுக்கு எத்தனை முழம் கொடுத்தேன் என்பது நினைவிருந்தது. ஆனாலும் கையை நிறுத்தி, அதுவரை ஒருநாளும் கேட்காத ஒன்றை அவனிடம் கேட்டேன்.

"கெணத்துல எத்தினி படி தெரியுது?"

"ஆறுதான் பாய்" என்றான் கன்னியப்பன்.

கயிற்றைக் குறைத்து அளந்தேன்.